பிலிப்புவின் கையில் இருந்த முகம்

பெரகல சந்தியில் ஆட்டோ ஓட்டுகிற பிலிப்புவின் வலது கையில் ஒரு முகம் இருந்தது. பெற்ற தகப்பனின் முகமும் அல்ல, மாதாவின் முகமும் அல்ல. ஓர் அரசியல்வாதியின் முகம். தோள்மூட்டுக்குக் கீழே சுருட்டை முடியில் தொடங்கி, அகன்ற நெற்றி, நெற்றியில் சிவப்புப் பொட்டு, தடித்த மீசை, இரட்டைத் தாடை என்று இறங்கி, கழுத்தில் போட்ட மஞ்சள் சால்வையோடு முழங்கைக்குச் சற்று மேலே முடியும். பண்டாரவளையில் பச்சை குத்துகிற ஒருவன் ஒரே இருப்பில் ஐந்து மணி நேரம் குத்திய படம் அது. பார்த்தவர்கள் எல்லோரும் அச்சு அசல் என்றார்கள்.

பிலிப்பு முட்டாள் இல்லை. அந்த முகத்தைக் கையில் ஏற்றிக்கொள்ள அவனுக்குக் காரணம் இருந்தது. அவன் பிறந்து வளர்ந்தது பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில். பக்கத்து மீரியபெத்தவில் மண் சரிந்து மனுசர் மேல் மூடிய வருஷத்திலிருந்து அந்த லயத்தில் மழை நாட்களில் யாரும் கண்ணயர்ந்ததில்லை. அதிகாரிகள் வந்தார்கள். லயத்துக்குப் பின்னால் நிற்கும் மேட்டையும் அதில் விட்டிருந்த வெடிப்பையும் பார்த்துவிட்டு, இங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒரு கடிதம் கொடுத்துப் போனார்கள். வேறு எங்கே குடியிருப்பது என்று அந்தக் கடிதத்தில் இல்லை. அந்த நேரத்தில்தான் அந்த முகத்துக்குச் சொந்தக்காரரான தலைவர் வந்தார். லயத்து வாசலில் சேற்றில் நின்று, "ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனிக் காணி, கையில காணி உறுதிப் பத்திரம்" என்றார். பெண்கள் அழுதார்கள். பிலிப்பு அழவில்லை. அடுத்த மாதம் முழுக்கத் தன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு அவருக்காக மலையெல்லாம் சுற்றினான். அவர் தேர்தலில் வென்ற வாரத்தில் கையில் குத்திக்கொண்டான்.

அவன் மனைவி பிரான்சிஸ்காவுக்கு முதல் நாளிலிருந்தே அது பிடிக்கவில்லை. கொழுந்து பறித்துக் களைத்து வந்து படுப்பவள், அன்று திரும்பிப் படுத்தாள்.

"என்ன கோவமா?" என்று கேட்டான் பிலிப்பு.

"கோவமில்ல. உங்க கையில தல வச்சா வேறொரு ஆம்பள மூஞ்சில கன்னம் படுது. உவ்வே."

பிலிப்பு சிரித்தான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு இடப்பக்கம் படுக்கத் தொடங்கினாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

வீடு வரவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு கல் வந்தது. அதற்கு அடிக்கல் என்று பெயர்.

கல் நாட்டுகிற விழாவுக்குத் தோட்டத்துப் பாடசாலை மைதானத்தில் பந்தல் போட்டார்கள். காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போன பெண்களையும் நேரே விழாவுக்கு அனுப்பும்படி தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கொழுந்துக் கூடைகளை ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். தலைவர் மாலைகளோடு வந்து எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். பிலிப்பு கையில்லாத பனியன் போட்டு முன்னால் நின்றான். யாரோ சொல்ல, தலைவர் அவனிடம் வந்தார்.

"அட, நம்ம மூஞ்சி!" என்று சிரித்து, மோதிரம் போட்ட கொழுத்த விரல்களால் படத்தைத் தடவினார். அந்த விரல்கள் மெத்தென்று ஈரமாக இருந்தன. போட்டோ எடுத்தார்கள். வீட்டைப் பற்றிக் கேட்க நினைத்திருந்த நாலு வார்த்தையும் பிலிப்புவுக்கு மறந்துபோனது.

தலைவர் இரண்டு எட்டு நடந்தார். திரும்பிப் பாராமலே கையைப் பின்னால் நீட்டினார். கூட வந்த உதவியாளன் சின்னப் போத்தலை எடுத்து அந்த உள்ளங்கையில் கிருமிநாசினியைப் பீய்ச்சினான். தலைவர் விரல் விரலாக, மோதிரத்தின் இடுக்கு விடாமல் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே பக்கத்தில் வந்த அதிகாரியிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். மாட்டுக்குக் குறி சுடுவோமே, அது மாதிரி. இதுகள் தாங்களே சுட்டுக்கொள்ளுதுகள். அதிகாரி வாய்க்குள் சிரித்தார்.

பிலிப்பு பதினெட்டு வருஷமாகச் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறவன். சிங்களம் அவனுக்குத் தமிழ் மாதிரிதான்.

அவன் அந்த இடத்தை விட்டு வந்து, குழாயடியில் உட்கார்ந்து, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான். கழுவக் கழுவ அந்த விரல்களின் ஈரம் போகாத மாதிரி இருந்தது. அந்த ஆள் குலுக்கிய மற்றக் கைகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. தேயிலைக் கறை பிடித்து, கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்த கைகள். பிரான்சிஸ்காவின் கையும் அந்த வரிசையில் இருந்தது. அவன் ஓடைப் பக்கம் போய் வாந்தி எடுத்தான்.

அதற்குப் பிறகு அந்த முகத்தைச் சகிப்பது கஷ்டமாகிவிட்டது. ஆட்டோவின் கைப்பிடியைத் திருப்பும்போது சதை இழுபட்டு அந்த வாய் சிரிக்கும். வியர்த்தால் அந்த நெற்றியும் வியர்க்கும். கையில் கொசு கடித்தால் அந்தக் கன்னத்தைத்தான் சொறிய வேண்டும். சோறு பிசையும்போது ஓரக்கண்ணில் மீசை தெரியும். பிலிப்பு நல்ல வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். குளிக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் தேய்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரான்சிஸ்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம், ஆட்டோ பெட்டரிக்கு ஊற்றுகிற அசிட்டைப் பஞ்சில் தொட்டு அந்தக் கன்னத்தில் வைத்தான். வைத்த கணமே தன் தவறு புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடினான். ரெண்டு நாளில் அந்த இடம் அழுகத் தொடங்கியது. தலைவரின் இடது கன்னத்திலிருந்து மஞ்சளாகச் சீழ் வடிந்து சட்டையில் ஒட்டியது. அவன் அதையும் சொல்லாமல் மறைத்தான். ஈ வந்து மொய்த்ததை மறைக்க முடியவில்லை.

பிரான்சிஸ்கா சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் உப்பு நீர் கொதிக்க வைத்தாள்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அவன் அன்றுதான் கல் நாட்டிய நாளில் கேட்டதைச் சொன்னான். அவள் புண்ணைத் துடைத்தாள். துடைத்து முடித்துவிட்டு, தன் உள்ளங்கைகளைப் பிரித்து ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? ஒன் கையத் தொட்டதையுந்தான் தொடச்சான்."

"சரி. இனி அசிட்டு வேணாம். பதுளையில லேசர் அடிச்சு எடுக்கிறாங்களாம். நம்ம தோட்டத்துக் கிளார்க்கம்மாவோட தங்கச்சிக்கு எடுத்தாங்க. நாம போவோம்."

செலவு சின்னதில்லை. துணி துவைக்கும் மெசின் வாங்கும் யோசனையைத் தள்ளிப் போட்டவள் அவள்தான். அவன் அப்படிக் கேட்டிருக்கவில்லை.

புண் ஆற நாலு மாதம் பிடித்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை இருவரும் ஹப்புத்தளை, பண்டாரவளை என்று பஸ் மாறிப் பதுளைக்குப் போனார்கள். தனியார் வைத்தியசாலை ஒன்றின் மேல் மாடியில், தோல் டொக்டர் ஷிப்னா அவன் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் பதுளைக்காரர்தான்; டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். யாருடைய முகம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்னத்தில் தடித்துக் கிடந்த தழும்பை விரலால் அழுத்தினார்.

"இது அசிட் சுட்டதா?"

"ஆமாங்க டொக்டர்."

"மை போகும். இந்தத் தழும்பு போகாது. லேசர் மையைத்தான் உடைக்கும்." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஒரு தரத்தில முடியிற வேலை இல்ல. ஆறு தரமோ எட்டுத் தரமோ வரணும். ஒவ்வொண்டுக்கும் நடுவில ரெண்டு மாசம் இடைவெளி. கறுப்பு நல்லாப் போகும். சிவப்பும் போகும். இந்த மஞ்சள் என்ட மெசினுக்கு லேசில மசியாது. உங்க தோல் கறுத்த தோல், அதால மெதுவாத்தான் அடிக்கணும். அவசரப்பட்டா தோலின்ட நிறமும் சேர்ந்து போகும். அப்படிப் பார்த்துச் செஞ்சாலும் அந்த இடம் வெளிறிப்போக இடமிருக்கு. பழையபடி ஆக்கித் தாறன் எண்டு நான் சொல்ல மாட்டன்."

"மூஞ்சி தெரியாமப் போகுமா?" என்று கேட்டாள் பிரான்சிஸ்கா.

"மூஞ்சி தெரியாது."

"அது போதும் டொக்டர்."

முதல் நாள் கையை மழித்து, மரத்துப்போகப் பண்ணும் களிம்பைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு கண்ணுக்குக் கறுப்புக் கவசம். இருட்டில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டது. இழுத்துவிட்ட ரப்பர் பட்டி சூடாக வந்து அடிப்பதுபோல ஒவ்வொரு அடியும் விழுந்தது. வலியைப் பிலிப்பு தாங்கிக்கொண்டான். அவனால் தாங்க முடியாதது வாடை. மழித்தும் மிச்சமிருந்த மயிர்க்கால்கள் கருகும் வாடை. பன்றி வாட்டும்போது வருகிற அதே வாடை தன் கையிலிருந்து வருகிறது என்று நினைத்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

கவசத்தை எடுத்ததும் குனிந்து பார்த்தான். முகம் முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. கறுப்பாக இருந்த மீசை, புருவம் எல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்து வீங்கி, செத்தவனுக்கு மா பூசிய மாதிரி கிடந்தது. அங்கங்கே ஊசிமுனை அளவுக்கு இரத்தம் துளிர்த்திருந்தது.

"பயப்படாதீங்க. இந்த வெள்ளை அரை மணியில போயிடும்," என்றார் டொக்டர். "நாளைக்குக் கொப்புளம் வரும். உடைக்கக் கூடாது. களிம்பு பூசி, துணி கட்டி, வெயில் படாம வச்சிருக்கணும்."

சொன்னபடியே மறுநாள் காலை கொப்புளங்கள் வந்தன. ஒன்று நெற்றியில், இரண்டு கன்னத்தில், தாடையில் கோழி முட்டை அளவில் ஒன்று. உள்ளே மஞ்சள் நீர் தளும்பியது. கையை ஆட்டினால் அதுவும் ஆடியது. மூன்றாம் நாள் பெரியது தானே உடைந்து, நீர் முழங்கை வழியாக ஒழுகி ஆட்டோ சீட்டில் சொட்டியது. பின்னால் இருந்த பெண் சவாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பாதியில் இறங்கினாள். பிலிப்பு அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவனுக்கே தன் கையை வெட்டி எறியலாம் போலிருந்தது. பிரான்சிஸ்கா மட்டும் காலையும் மாலையும் துணியைப் பிரித்து, ஒட்டிய பொருக்கை நனைத்து எடுத்து, களிம்பு பூசினாள். பல நாள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்தாள். ஆனாலும் ஒரு வேளையும் விடவில்லை.

பொருக்கு உதிர்ந்த பிறகு பார்த்தால் முகம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சம் மங்கலாக. பிலிப்புவுக்குச் சீ என்றாகிவிட்டது. இத்தனைக்கும் இவ்வளவுதானா?

மூன்றாவது தரம் போனபோதுதான் அவன் கேட்டான்.

"டொக்டர், இந்த மை எங்க போகுது? ஆவியாப் போகுதா?"

"இல்ல. லேசர் பட்டா மை தூள் தூளா உடையும். உங்க உடம்பில இருக்கிற வெள்ளை அணு அந்தத் தூளைத் தின்னும். கொஞ்சம் வெளியேறும். கொஞ்சம் அக்குளுக்குள்ள போய் நிக்கும். காய்ச்சல் வந்தா நெறி கட்டுமே, அந்தக் கட்டிக்குள்ள."

"நிக்குமா?"

"நிக்கும். அதால ஒண்டும் நடக்காது."

பிலிப்பு படியிறங்கிப் பதுளை பஸ் நிலையத்துக்கு நடந்தான். பிரான்சிஸ்கா கடையில் சோறு சொன்னாள். அவன் ஒரு பிடி எடுத்து வாயருகே கொண்டுபோய், திரும்பவும் தட்டில் வைத்துவிட்டான்.

"என்னங்க?"

"என் ஒடம்பு அவனத் திங்குதாம். மிச்சத்த உள்ள சேத்து வைக்குதாம்."

அவள் சிரிக்கப் போனவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "தின்னா தின்னட்டும். இத்தன வருசமா அவன் நம்மளத் தின்னான். நீங்க சாப்புடுங்க."

அவன் தேநீர் மட்டும் குடித்தான். அன்று பஸ்ஸில் வழி நெடுக இடது கையை வலது அக்குளுக்குள் வைத்து, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த அருவருப்பு பல நாள் அவனை விடவில்லை.

நாலாவது, ஐந்தாவது தரங்களில் முகம் உண்மையிலேயே அழியத் தொடங்கியது. அழிந்த விதம்தான் கோரம். முதலில் கன்னத்து நிழல் போனது, பிறகு உதடு, பிறகு பொட்டு. மை தடிப்பாக ஏறியிருந்த மீசையும் ஒரு கண்ணும் மட்டும் கடைசிவரை நின்றன. மூக்கில்லாத, வாயில்லாத வெளிறிய சதையில் ஒற்றைக் கண் விழித்துக்கொண்டிருந்தது. குளிக்கிற இடத்தில் அதைப் பார்த்த பக்கத்து வீட்டு இராக்கம்மா, "அய்யோ கர்த்தரே" என்று குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆறாவது தரத்தில் அந்தக் கண்ணும் போனது. ஏழாவதில் மீசை.

மஞ்சள் சால்வை போகவில்லை. தலை இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு, நடுவில் அசிட் சுட்ட தழும்பு. கீழே கழுத்தே இல்லாமல் ஒரு மஞ்சள் சால்வை சுற்றிக் கிடந்தது.

"கொழும்பில வேற மெசின் இருக்கு. அங்க அனுப்பட்டா?" என்று கேட்டார் டொக்டர் ஷிப்னா.

பிலிப்பு யோசித்தான். இரண்டு வருஷமாகத் தன் கையிலிருந்து வடிந்ததையெல்லாம் யோசித்தான். "வேணாம் டொக்டர். மூஞ்சி போயிருச்சு. சால்வ யாரு வேணும்னாலும் போடுற சாமான்தானே."

டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுத்த தேர்தல் வந்தது. அடிக்கல்லைச் சுற்றி மானாப்புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. லயத்துச் சனம் ஒவ்வொரு மழைக்கும் பாடசாலையில் போய்ப் படுத்து, வெயில் வந்ததும் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை பத்து மணியளவில் பெரகல சந்தியில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. தலைவரின் உதவியாளன் இறங்கினான். பின்னால் ஒருவன் கமராவோடு வந்தான்.

"பிலிப்பு அண்ணே! எங்க தேடுறது ஒங்கள? அந்தப் பழைய போட்டோவுக்குப் பேஸ்புக்ல எவ்வளவு லைக் தெரியுமா? இந்தத் தடவையும் ஒண்ணு போடணும். சட்டையத் தூக்குங்க. தலைவரே கேட்டாரு."

ஸ்டாண்டில் நின்ற மற்ற டிரைவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவனான நிமலன் மட்டும், "அண்ணே, வேணாம், விடுங்க" என்றான்.

பிலிப்பு நிதானமாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். கையை வெளியே எடுத்து, உதவியாளனின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

உதவியாளன் குனிந்தான். ஒரு கணம் அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகு வெளிறிய திட்டையும் புழுப் போல் நெளிந்த தழும்பையும் கண்டு, முகம் கோணி, பின்னால் நகர்ந்தான். "அய்யே... என்ன வியாதி இது?"

"வியாதி போயிருச்சு. இது அது இருந்த எடம்," என்றான் பிலிப்பு. "எடுங்க போட்டோவ."

கமராக்காரன் கமராவைத் தூக்கவில்லை. உதவியாளன் பையிலிருந்து அந்தச் சின்னப் போத்தலை எடுத்துத் தன் கைகளில் பீய்ச்சித் தேய்த்தான். அவன் பிலிப்புவைத் தொட்டிருக்கவேயில்லை. பழக்கம் அது. நிமலன் சத்தமாகச் சிரித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிலிப்புவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிருமிநாசினி வாடை மூக்கில் ஏறியதும் பழையபடி குமட்டிக்கொண்டுதான் வந்தது. தரையில் காறித் துப்பினான்.

வேன் ஹப்புத்தளைப் பக்கமாக ஏறிப் போனது. முட்டைக்கோவாச் சாக்கோடு ஒரு கிழவர் வந்து, கொஸ்லாந்தைக்குப் போகணும், வருமா என்று கேட்டார். பிலிப்பு சட்டையை மாட்டி, சாக்கைத் தூக்கிப் பின்னால் வைத்தான். ஏறி உட்கார்ந்த கிழவர், சட்டையை மாட்டுமுன் அவன் கையைப் பார்த்திருக்க வேண்டும்.

"சுட்ட காயமா தம்பி?"

"ஆமாங்க ஐயா," என்றான் பிலிப்பு. "ஆறிருச்சு." ஆட்டோவைக் கிளப்பினான்.